பச்சைக் கோட்டில் முள் நின்றாலும் பம்பு தேய்ந்திருக்கலாம்

பட்டறைப் பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான் தண்டையார்பேட்டையைச் சேர்ந்தவள். வெளிமாநிலத்தில் விமானம் ஓட்டக் கற்று வருகிறேன். விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய வாரம், நான் வழக்கமாக ஓட்டும் செஸ்னா 172 விமானத்தின் வெற்றிடப் பம்பைப் பொறியாளர் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தினார். அதற்கு முந்தைய நாள்வரை, பம்பின் உறிஞ்சலைக் காட்டும் அளவியின் முள் பச்சைக் கோட்டுக்குள்ளேயே நின்றதை நானே பார்த்திருக்கிறேன். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பம்பை ஏன் மாற்ற வேண்டும்? தேய்மானம் இருந்தால் அளவியே காட்டிவிடாதா?
— மாணவி, தண்டையார்பேட்டை

பதில்: காட்டிவிடாது. உங்கள் பொறியாளர் செய்தது சரியான காரியம். அது ஏன் சரி என்பதை விளங்கிக்கொள்ள அந்தப் பம்பின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

விமானத்தின் சாய்வையும் திசையையும் காட்டும் ஜைரோக் கருவிகளுக்குள் உள்ள சிறு சக்கரங்களைக் காற்றோட்டம்தான் சுழற்றுகிறது; அந்தக் காற்றை உறிஞ்சுவதே வெற்றிடப் பம்பின் வேலை. இன்றைய சிறு விமானங்களில் பெரும்பாலும் இருப்பது எண்ணெய் இல்லாத உலர் பம்பு. இன்ஜினின் பின்புறத்தில் பொருத்தப்பட்டு, இன்ஜினாலேயே சுழற்றப்படுகிறது. உள்ளே ஓர் உலோகக் கூடு. அதன் உட்சுவர் சுழலியின் மையத்தோடு ஒத்துப்போகாமல் சற்றே விலகி அமைந்திருக்கும். அந்தக் கூட்டுக்குள் கார்பனால் ஆன சுழலி சுற்றுகிறது. சுழலியில் வெட்டப்பட்ட காடிகளில் கார்பன் தகடுகள் செருகப்பட்டிருக்கின்றன. சுழலும் வேகத்தில் தகடுகள் வெளியே வீசப்பட்டுச் சுவரை ஒட்டி வழுக்கிக்கொண்டே காற்றைத் தள்ளுகின்றன. இவற்றுக்கு மசகு எண்ணெய் கிடையாது. தகடு தேயும்போது உதிரும் கிராஃபைட் பொடிதான் மசகு. தேய்மானம் இந்தப் பம்புக்கு ஒரு கோளாறு அன்று, அது உயிர்வாழும் முறையே அதுதான். தன்னைத் தேய்த்துக்கொண்டுதான் ஒவ்வொரு சுற்றும் அது சுற்றுகிறது.

தகடு தேயத் தேய அதன் நீளம் குறைகிறது. ஆனால் சுழற்சி விசை அதை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால், பாதி தேய்ந்த தகடும் புதுத் தகட்டைப் போலவே சுவரைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். ஆகவே உறிஞ்சும் திறன் ஏறக்குறைய மாறுவதில்லை. கொஞ்சம் திறன் குறைந்தாலும் அதை ரெகுலேட்டர் மறைத்துவிடுகிறது. பம்புக்குத் தேவைக்கு மேல் திறன் கொடுத்துவிட்டு, மிகுதியை வெளிக்காற்றை உள்ளே விட்டுச் சரிசெய்வதே ரெகுலேட்டரின் வேலை. பம்பு சற்றுத் தளர்ந்தால் ரெகுலேட்டர் சற்றுக் குறைவாகத் திறக்கும், முள் அதே இடத்தில் நிற்கும். பல செஸ்னா விமானங்களில் 4.5 முதல் 5.5 அங்குலப் பாதரசம்வரை இருக்கும் பச்சைக் கோடு, ஜைரோக் கருவிகளுக்குப் போதிய காற்று கிடைக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. பம்பின் ஆயுளில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது அந்த அளவிக்குத் தெரியாது.

முடிவு எப்படி வருகிறது என்பதற்கு நம் வீட்டு மேசையின் இழுப்பறையையே பாருங்கள். பாதிவரை இழுத்தால் நேராக வரும். முக்கால்வாசிக்கு மேல் இழுத்தால் உள்ளே பிடிப்பதற்கு இடம் போதாமல் தலை சாய்ந்து சிக்கிக்கொள்ளும். தேய்ந்து குட்டையான தகடும் தன் காடிக்குள் இதே போலச் சாய்கிறது, சிக்குகிறது. கார்பன் கடினமானது, ஆனால் மண்பாண்டத்தைப் போல உடையக்கூடியது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றில் ஓடும் சுழலியில் ஒரு தகடு சிக்கினால், சுழலி அந்த நொடியிலேயே துண்டு துண்டாகிவிடும். உடனே பம்பையும் இன்ஜினையும் இணைக்கும் கப்ளிங் என்ற துண்டு முறிகிறது. இன்ஜினின் பல்சக்கரங்களைக் காப்பதற்காகவே முறியும்படி செய்யப்பட்ட பாகம் அது. முதல் நாள் 5 அங்குலம் காட்டிய அளவி மறுநாள் நடுவானில் பூஜ்யம் காட்டுவதற்கு இதுவே காரணம்.

அப்படியானால் விமானி அறிந்துகொள்ளக்கூடிய அடையாளமே இல்லையா என்று கேட்பீர்கள். வலுவான அடையாளம் இல்லை. கவனித்தால் பயன்படும் சில குறிப்புகள் உண்டு. ஐடிலில், அதாவது மிகக் குறைந்த வேகத்தில், இன்ஜின் ஓடும்போது பம்பின் மிகுதித் திறன் மிகக் குறைவாக இருக்கும். ரெகுலேட்டரால் எதையும் மறைக்க முடியாத நேரம் அது. ஆகவே எத்தனை ஆர்.பி.எம்.மில் (இன்ஜினின் நிமிடச் சுற்றில்) முள் பச்சைக் கோட்டுக்குள் நுழைகிறது என்பதை ஒவ்வொரு முறையும் குறித்து வாருங்கள். ஐடிலில் முள் தாழ்ந்திருப்பது தவறில்லை. சில மாதங்களுக்கு முன் 1,100இல் நுழைந்தது இப்போது 1,500இல்தான் நுழைகிறது என்றால், எங்கோ ஏதோ மாறியிருக்கிறது. அது பம்பாகவும் இருக்கலாம், அடைத்துக்கொண்ட ஃபில்டராகவும் விரிசல் விட்ட ஹோஸாகவும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிப்பது பொறியாளரின் வேலை, அவரிடம் அந்த எண்களோடு போவது உங்கள் வேலை. முள் துடிப்பதும் ஊசலாடுவதும்கூட எழுதிவைக்க வேண்டியவை. உயரம் கூடும்போது அளவு சற்றுக் குறைவது இயல்பு என்பதால், ஒப்பிடும்போது தரையில் எடுத்த அளவைத் தரையில் எடுத்த அளவோடுதான் ஒப்பிட வேண்டும்.

இவற்றையெல்லாம் விட நம்பகமானது லாக் புக் என்ற பதிவேட்டில் உள்ள மணிக்கணக்கு. இவ்வகைப் பம்புகள் பல நூறு மணி நேரம் உழைக்கும். சில பம்புகள் ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டும், சில பம்புகள் ஐந்நூறைத் தொடாமலே போய்விடும். எது எந்த வகை என்று வெளியிலிருந்து சொல்ல முடியாத காரணத்தால்தான், பொறியாளர்கள் நன்றாக ஓடும் பம்பை மணிக்கணக்கு பார்த்து இறக்குகிறார்கள்.

கேள்வி: விமானப் பராமரிப்புப் படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவன் நான். சில பம்புகளில் தேய்மானத்தைப் பார்ப்பதற்கென்றே ஒரு துளை இருப்பதாக வகுப்பில் சொன்னார்கள். அதன் வழியாக எதைப் பார்க்கிறோம்?
— மாணவர், வியாசர்பாடி

பதில்: தகட்டின் வெளிமுனை எப்போதும் சுவரில்தான் இருக்கும் என்று மேலே சொன்னேன் அல்லவா? அப்படியானால் தகடு தேயும்போது நகர்வது அதன் உள்முனை. காடியின் அடியிலிருந்து உள்முனை எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று தெரிந்தால், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். ராப்கோ, டெம்பஸ்ட் போன்ற தயாரிப்பாளர்களின் பம்புகளில் உள்ள துளை இதற்காகத்தான். துளையின் மூடியைக் கழற்றி, ஒரு தகடு துளைக்கு நேராக வரும்வரை புரொப்பெல்லரைக் கையால் மெதுவாகத் திருப்பி, தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் முறைப்படி அளவு பார்க்க வேண்டும். முதல் சோதனை எத்தனை மணி நேரத்தில், அடுத்தது எப்போது என்பதும் அதே கையேட்டில் இருக்கும்; ஒரு நிறுவனத்தின் எல்லையை இன்னொன்றின் பம்புக்குப் பொருத்தக் கூடாது.

ஒரு தகட்டைப் பார்த்துவிட்டு மூடியைப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு தகடாக நேருக்குக் கொண்டுவந்து பாருங்கள். மூடியைக் கழற்றுவதற்கு முன் சுற்றியுள்ள அழுக்கைத் துடைத்துவிடுங்கள். ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தாலும் அது கார்பனைக் கீறிக்கொண்டே சுற்றும்.

புரொப்பெல்லரைத் தொடுவதற்கு முன், இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னட்டோ இரண்டும் அணைந்திருக்க வேண்டும், சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும், சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை இருக்க வேண்டும். மேக்னட்டோவை அணைக்கும் தரைக்கம்பி அறுந்திருந்தால், சாவி அணைந்த நிலையில் இருந்தாலும் இன்ஜின் ஒரு முறை வெடித்துத் திரும்பும். புரொப்பெல்லர் பிளேடுக்கு அந்த ஒரு முறை போதும். ஆகவே எப்போதும் பிளேடின் சுற்றுப்பாதைக்கு வெளியே நின்று திருப்புங்கள். வயதில் மூத்தவன் என்ற உரிமையில் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: ராயபுரத்தில் உள்ள ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் இருபது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். எங்கள் இயந்திரத்தில் தாளை உறிஞ்சித் தூக்கும் பம்பிலும் கார்பன் பிளேடுகள்தான். அது தேய்ந்தால் இரண்டு தாள் ஒட்டி வரும், தாள் தவறும், சத்தம் மாறும். எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. விமானத்தில் மட்டும் ஏன் தெரிவதில்லை?
— அச்சகத் தொழிலாளர், ராயபுரம்

பதில்: தங்கள் கேள்வி எனக்கு மிகவும் மகிழ்ச்சி அளித்தது; அடிப்படையில் இரண்டும் ஒரே குடும்பத்துப் பம்புகள்தான். வேறுபாடு அவற்றைச் சுற்றியுள்ள ஏற்பாட்டில் இருக்கிறது.

தங்கள் பம்பு தன் திறனின் எல்லைக்கு அருகே வேலை செய்கிறது. திறன் கொஞ்சம் குறைந்தாலும் தாள் தவறிக் காட்டிக்கொடுத்துவிடும். அதன் அருகிலேயே தாங்கள் நாள் முழுவதும் நிற்பதால் காதும் ஒரு கருவியாகிவிடுகிறது. விமானத்தில் பம்பு இன்ஜினோடு ஒட்டிக் கிடக்கிறது. அந்த இரைச்சலில் எந்தக் காதும் அதைப் பிரித்துக் கேட்காது. தாங்கள் பம்பின் மூடியைக் கழற்றி, பிளேடின் அகலத்தை வெர்னியரால் அளந்து, குறைந்தால் ஒரு செட் பிளேடு போட்டு மூடிவிடலாம். விமானப் பம்பை அப்படிக் களத்தில் திறக்க அனுமதி இல்லை. முழுதாக இறக்கி வேறொன்றைத்தான் போட வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிராஃபைட் வழவழப்பாக வழுக்குவதற்குக் காற்றில் ஈரப்பசை தேவை. இரண்டாம் உலகப் போரின்போது மிக உயரத்தில் பறந்த விமானங்களின் ஜெனரேட்டர் கார்பன் பிரஷ்கள் சில மணி நேரத்திலேயே தூளாகிப் போயின; அங்குள்ள காற்றில் ஈரம் இல்லாததே காரணம் என்று பின்னர் கண்டறிந்தார்கள். கடற்காற்று வீசும் ராயபுரத்தில் தங்கள் பிளேடுகளுக்கு அந்தக் குறை இல்லை. ஆனால் எண்ணெய் இரண்டு பம்புக்கும் பொதுவான பகை. உலர் பம்புக்குள் எண்ணெய் போனால் கார்பன் பொடியோடு குழைந்து பசையாகி, தகடுகளைக் காடியில் ஒட்ட வைத்துவிடும். ஓட்டம் சுலபமாகட்டும் என்று நல்லெண்ணத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் விடும் பழக்கம் தங்கள் அச்சகத்தில் யாருக்காவது இருந்தால், அன்போடு தடுத்துவிடுங்கள்.

கேள்வி: பெரம்பூரில் ரயில்வே பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் காலத்து வெற்றிட பிரேக்கில் அளவி 53 சென்டிமீட்டர் காட்ட வேண்டும். விமானத்தில் 5 அங்குலமே போதும் என்பது வியப்பாக இருக்கிறது.
— வாசகர், பெரம்பூர்

பதில்: 5 அங்குலம் என்பது 12.7 சென்டிமீட்டர், தங்கள் அளவில் கால் பங்குக்கும் குறைவு. பிரேக்கில் அந்த வெற்றிடம் ஒரு பிஸ்டனை நகர்த்திப் பல டன் எடையை நிறுத்த வேண்டும். இங்கே அது கருவிப் பெட்டிக்குள் ஒரு காற்றோட்டத்தை உண்டாக்கி, உள்ளங்கையில் அடங்கும் சிறு சக்கரத்தை நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழல வைத்தால் போதும். தேவையைவிட அதிகமாக உறிஞ்சினால் ஜைரோவின் பேரிங்குகள் சீக்கிரம் கெட்டுப்போகும். முள் தாழ்ந்திருக்கிறது என்பதற்காகக் காரணம் தேடாமல் ரெகுலேட்டரை மட்டும் முறுக்கி ஏற்றுவது பெரிய தவறு என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளராக வேலை செய்கிறேன். உடைந்த பம்பை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டோம். அது 30 மணி நேரம்கூட ஓடவில்லை, உடைந்துவிட்டது. உற்பத்திக் குறை என்று திருப்பி அனுப்பலாமா?
— பொறியாளர், கொருக்குப்பேட்டை

பதில்: அனுப்புவதற்கு முன் பழைய ஹோஸ்களைக் கழற்றி, ஒரு வெள்ளைத் துணியின்மீது தட்டிப் பாருங்கள். கரித்துகள் விழுந்தால், குறை புதுப் பம்பில் இல்லை.

இது எனக்கே நேர்ந்தது. பல ஆண்டுகளுக்கு முன், நான் வேலை செய்த ஒரு ஹேங்கரில், உடைந்த பம்பை மாற்றி, அளவியில் முள் ஏறியதைப் பார்த்து, கையெழுத்துப் போட்டேன். சில வாரங்களில் அதே விமானம் அதே கோளாறோடு திரும்பி வந்தது. பம்பு உடையும் கணத்தில் குழாய்க்குள் வெற்றிடம் இருக்கிறது. அது உடைந்த கார்பன் துகள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. புதுப் பம்பு ஓடத் தொடங்கியதும் அந்தத் துகள்களையெல்லாம் உறிஞ்சித் தன் தகடுகளுக்கு நடுவே போட்டுக்கொள்கிறது. குழாயைச் சுத்தம் செய்ய அரை நாள் ஆகும் என்று நான் தள்ளிப்போட்டதுதான் அந்தப் பம்பின் ஆயுளை முடித்தது. அந்த இரண்டாம் கோளாறு மேகத்துக்குள் நேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இன்றும் என்னை உறுத்துகிறது.

ஹோஸ்கள் உள்ளே கெட்டியாகி உரிந்திருந்தாலும், எங்காவது மடிந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். மடிப்பு காற்றை நெருக்கும், நெருக்கம் பம்பைச் சூடாக்கும், சூடு கார்பனைச் சீக்கிரம் தேய்க்கும். மைய ஃபில்டரையும் ரெகுலேட்டர் ஃபில்டரையும் புதிதாகப் போடுங்கள். பம்பு உட்காரும் இடத்தில் இன்ஜினின் எண்ணெய் சீல் கசிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இன்ஜினைக் கழுவும்போது பம்பை மூடி வைக்கிறார்களா என்று விசாரியுங்கள்; கழுவும் திரவம் உள்ளே போவதும் எண்ணெய் போவதற்குச் சமம். பம்பில் குழாய் இணைப்புகளைத் திருகும்போது டெஃப்லான் டேப் சுற்றியிருந்தால், அதன் நார் ஒன்று உள்ளே போயிருக்கலாம். பொருத்துவதற்கு முன் பம்பை வைஸில் இறுக்கியிருந்தால், கூடு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நசுங்கினாலும் உள்ளே சுழலி உரசும்; உடைந்த பம்பின் கூட்டில் வைஸ் தாடைகளின் தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இத்தனையும் சுத்தமாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: முதல் கேள்வியை எழுதிய மாணவியைப் போலவே என் மகளும் விமானம் ஓட்டக் கற்கிறாள். அந்தப் பம்பு பறக்கும்போது நின்றுபோனால் இன்ஜினும் நின்றுவிடுமா? தூக்கம் வரவில்லை ஐயா.
— தந்தை, திருவொற்றியூர்

பதில்: இன்ஜின் நிற்காது. பம்பு நின்றாலும் இன்ஜினும் இறக்கையும் தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். நின்றுபோவது செயற்கை அடிவானம் காட்டும் கருவியும் திசைகாட்டும் ஜைரோவும் மட்டுமே. பயிற்சி மாணவர்கள் பறக்கும் தெளிந்த வானத்தில் கண்ணெதிரே உண்மையான அடிவானம் இருக்கிறது. தங்கள் மகள் காந்தத் திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டே அமைதியாகத் திரும்பி வந்து இறங்கிவிடலாம்.

ஆபத்து மேகத்துக்குள்ளும் இருட்டிலும் இருக்கிறது. ஜைரோ சக்கரம் உடனே நிற்பதில்லை; பல நிமிடங்கள் வேகம் குறைந்துகொண்டே சுற்றும். அந்த நேரத்தில் அடிவானக் கருவி சிறிது சிறிதாகச் சாயும். வெளியே எதுவும் தெரியாத விமானி, கருவி சாய்ந்ததை விமானம் சாய்ந்ததாக எண்ணி, நேராக இருக்கும் விமானத்தைச் சாய்த்துவிடுவார். 2000ஆம் ஆண்டு அக்டோபர் 16 அன்று இரவு, அமெரிக்காவின் மிசோரி மாநில ஆளுநர் மெல் கார்னஹான் சென்ற செஸ்னா 335 விமானம் விழுந்து மூவர் இறந்தனர். விமானிக்குத் திசையுணர்வு தடுமாறியதே காரணம் என்றும், முதன்மை அடிவானக் கருவி பழுதானதும் மோசமான வானிலையும் அதற்குத் துணைபோயின என்றும் அந்நாட்டு விசாரணை வாரியம் முடிவு செய்தது. அங்கே வாரியம் சுட்டியது கருவியின் பழுதைத்தான், பம்பை அன்று. ஆனால் அந்தக் கருவியை நம்ப முடியாமல் போகும்போது மேகத்துக்குள் என்ன நேரும் என்பதற்கு அது சான்று.

இதனால்தான் திருப்பம் காட்டும் கருவி பெரும்பாலும் பம்பை நம்பாமல் மின்சாரத்தில் ஓடுமாறு வைக்கப்பட்டிருக்கிறது. இதனால்தான் பயிற்சியாளர்கள் அந்த இரண்டு ஜைரோக் கருவிகளையும் மூடிவைத்து மாணவர்களை ஓட்டச் சொல்கிறார்கள். 1996க்குப் பிறகு வந்த செஸ்னா 172களில் இரண்டு பம்புகளும், உறிஞ்சல் 3 அங்குலம் அளவுக்கு இறங்கினால் எரியும் எச்சரிக்கை விளக்கும் வந்தன. மின்னணுத் திரைகள் கொண்ட பிந்தைய விமானங்கள் சிலவற்றில் பம்பு மாற்றுக் கருவிக்காக மட்டுமே இருக்கிறது. இன்னும் புதியவற்றில் அதுவும் இல்லை.

மகளிடம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: புறப்படும் முன் இன்ஜின் சோதனையில் வெற்றிட அளவியைப் பார்க்கிறாயா, பார்த்து எண்ணைச் சொல்கிறாயா என்று. ‘பச்சையில் இருந்தது’ என்பதைவிட ‘1,700 ஆர்.பி.எம்.மில் 5.1 இருந்தது’ என்று அவள் சொன்னால், தாங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

கேள்வி: திசைகாட்டும் ஜைரோ சீக்கிரம் விலகுகிறது. இது பம்பின் தேய்மானமா, கருவியின் தேய்மானமா?
— மாணவி, தண்டையார்பேட்டை (இரண்டாம் கடிதம்)

பதில்: 15 நிமிடத்துக்கு ஒரு முறை காந்தத் திசைகாட்டியோடு ஒப்பிட்டுச் சரிசெய்வது வழக்கம், அந்த இடைவெளியில் 3 டிகிரி அளவுக்கு விலகினால் பொறுத்துக்கொள்ளலாம். அதைவிட அதிகமாக விலகும்போது அளவி முள் சரியான இடத்தில் நின்றால் கருவியையும், முள்ளும் தாழ்ந்திருந்தால் பம்பையும் ஃபில்டரையும் ஹோஸ்களையும் முதலில் சந்தேகப்பட வேண்டும். இன்ஜினை அணைத்தபின் இறங்கி ஓடிவிடாமல் சில நிமிடம் அமர்ந்து கேளுங்கள். ஜைரோ சக்கரம் நெடுநேரம் மெல்லிய இசையோடு சுற்றி அடங்கினால் அதன் பேரிங் நன்றாக இருக்கிறது. கரகரவென்று உரசிச் சீக்கிரம் நின்றால் கருவியைக் கழற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: விமானத்தைத் தள்ளி நிறுத்தும்போது புரொப்பெல்லரைப் பின்னோக்கித் திருப்பினால் பம்பு கெடும் என்கிறார்கள். உண்மையா?
— மாணவர், மணலி

பதில்: சில பம்புகளில் தகடுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து அமைந்திருக்கும், அவற்றைப் பின்னோக்கித் திருப்பினால், அதுவும் நன்றாகத் தேய்ந்த நிலையில், தகடு சிக்கி ஓரம் உடையும் வாய்ப்பு உண்டு. இரு திசையிலும் திருப்பத் தக்க பம்புகளும் இருக்கின்றன. தங்கள் விமானத்தில் எது இருக்கிறது என்று பெயர்ப்பலகையைப் பார்த்துக் கையேட்டோடு ஒப்பிடும்வரை, சுழலும் திசையிலேயே திருப்புங்கள். அப்போது ‘டிக், டிக்’ என்று கேட்கும் சத்தம் தகடுகள் காடிக்குள் விழும் சத்தம். அது இயல்பானது, பயப்பட வேண்டாம்.